அண்ணாச்சி பதில்கள்: எத்தனாவது படியில ஆறு ஆரம்பிக்கு?

போன இதழ்ல பேச்சுவாக்குல ரெண்டு வரி எழுதிட்டேன். நம்ம திருநவேலியில (திருநெல்வேலிதான்) பொதுப்படி எங்கெங்கல்லாம் இருக்கோ அங்கல்லாம் ஒரு சுத்து போயிட்டு வாறேன், படித்துறை, கோயில் குளம், ரயில்வே மேல்பாலம், ஆபீஸ் வாசப்படி எதையும் விடாம ஏறி எறங்கி கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கேன், சர்வேயர் ரிட்டயர் ஆனா டேப்ப கையில வச்சுக்கிட்டு இப்படித்தான் கோட்டி பிடிச்சு அலைவான்னு. அவ்வளவுதான். இந்த மாசம் வந்த தபால், வாட்ஸ்அப் பூராவும் படிதான். மாப்ள ஜாதகம், பல்லு வலி, பக்கத்து வீட்டு முருங்க மரம் பத்திக் கேட்டவங்கல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கிடுங்க.

எம்மவன் அமெரிக்கால பிட்ஸ்பர்க்ல இருக்கான். அங்கன ஊரே மலை, தெருவே படியாத்தான் இருக்கும்ங்கான். நம்ம ஊரு தோசக்கல்லு மாதிரி தட்டையா கெடக்கு. இங்க என்ன படி இருக்குன்னு சுத்திப் பாக்கீங்க அண்ணாச்சி? (பேட்டை வாசகர்)

ஒங்க மவன் சொல்லுதது சரிதான். பிட்ஸ்பர்க்ல பொதுப்படி வரிசை மட்டும் 700க்கு மேல உண்டு. ஆத்தோரமா உருக்கு ஆலை, வேல பாக்கவன் வீடு மேட்டு மேல, ஷிப்ட்டுக்கு எறங்க ஷிப்ட் முடிஞ்சு ஏறன்னு போட்ட படிங்க. அதுல சிலது ஊர் வரைபடத்துல தெருன்னே பதிவாயிருக்கு, பேர்ப்பலகையும் உண்டு, நீங்க காரக் கொண்டு போயி நிறுத்துனா தெருவுக்குப் பதிலா படி ஏறிப் போவும். அதக் கேட்டதுல இருந்து சர்வேயரா இருந்த எனக்கு ஒரே பொறாமை, படிக்கட்டுக்கு சர்வே நம்பர் போட நமக்குக் குடுத்து வைக்கலியேன்னு.

நம்ம ஊரு தட்டைதான், ஆனா படி இல்லன்னு சொல்லிராதீங்க. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, கருப்பந்துறைன்னு ஊருக்குள்ள இருக்க பேரையே பாருங்க, தொறையிலதான் முடியுது. அவங்க ஊர்ல ஆத்தங்கரைல இருந்து வீட்டுக்கு ஏறுததுக்குப் படி. நம்ம ஊர்ல வீட்ல இருந்து தாமிரபரணி ஆத்துக்கு எறங்கதுக்குப் படி. வித்தியாசம் என்னன்னா, அந்தப் படி ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டு போயி விடும், நம்ம படி தண்ணிக்குள்ள போயி நின்னுரும், அதுக்கு அங்குட்டு போகதுக்கு ஒண்ணும் கெடையாது. அதனால நம்ம படியில எவனும் அவசரமா எறங்கிப் பாத்ததில்ல. மேல இருந்து வரும்போதே சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு, வேப்பங்குச்சியக் கடிச்சுக்கிட்டு, ஒரு படிக்கு ஒருதரம் நின்னு, ‘என்ன வே, நேத்து ஆளக் காணோம்’னு கேட்டுட்டுத்தான் அடுத்த படி. கடைசிப் படிக்கு வரும்போது பாதிக் குளியல் பேச்சுலயே முடிஞ்சிரும்.

படின்னா ஏறதுக்கும் எறங்கதுக்கும்னு நாமளா நெனச்சுக்கிட்டு இருக்கோம். இத்தன மாசமா பாத்ததுல எனக்குத் தோணுனது, நம்ம பக்கம் படிங்கது நிக்கதுக்கும் உக்காரதுக்கும் உள்ள எடம். ஏறி எறங்குதது எல்லாம் அதுக்கு ஒரு சாக்கு.

வீடு கட்டுதோம். மாடிப்படி எண்ணிக்கை ஒத்தப்படையில வரணும்ங்காரு கொத்தனாரு, எரட்டப்படையா இருந்தா வீட்ல லெச்சுமி தங்கமாட்டாளாம். உண்மையா? (வள்ளியூர் வாசகி)

லெச்சுமி விஷயம் எனக்குத் தெரியாது தாயி, ஒத்தப்படையா வச்சா ஒண்ணும் கெட்டுப்போவாது, வச்சுக்கிடுங்க. ஆனா கொத்தனார்ட்ட எண்ணிக்கைய விட்டுட்டு உயரத்தக் கேளுங்க. எல்லாப் படியும் ஒரே உயரமா வருமான்னு. நம்ம காலுக்கு மொத ரெண்டு படியிலயே கணக்கு மனப்பாடம் ஆயிரும், அதுக்கப்புறம் கண்ணு பாக்காது, காலு தானா போவும். நடுவுல ஒரு படி அர இஞ்சு கூடுனாலும் தடுக்கும். நான் ஒரு ஆபீஸ்ல (எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க) வாசல்ல ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன், நாலாவது படியில ஆளுக்கு ஆளு தடுக்குதாங்க, தடுக்குன எல்லாரும் திரும்பிப் படிய மொறைச்சுட்டுப் போறாங்க, ஒருத்தரு மனு எழுதிக் கொண்டாந்தத கீழ போட்டுட்டு ‘சகுனமே சரியில்ல’ன்னு திரும்பியே போயிட்டாரு. டேப்ப வச்சு அளந்தேன். மத்த படியெல்லாம் 6 இஞ்சு, அது மட்டும் 7. தளம் போட்டவன் கடைசில மிச்சம் வந்ததக் கொண்டுபோயி அந்தப் படி தலையில கட்டிருக்கான்.

பிரான்சுல ப்ளோண்டெல்னு ஒரு கட்டடக்காரரு, 17ஆம் நூற்றாண்டு ஆளு, இதுக்கு ஒரு கணக்கு சொன்னாரு. ரெண்டு படி உயரத்தையும் ஒரு படி அகலத்தையும் கூட்டுனா மனுசன் ஒரு எட்டு எடுத்து வைக்க அளவு வரணும். இப்ப சுமாரா 60ல இருந்து 65 சென்டிமீட்டருக்குள்ளன்னு வச்சுக்கிடுதாங்க. நம்ம தேசியக் கட்டட விதியில வீட்டுப் படி உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல போவக்கூடாது, மிதி 25க்குக் கொறையக்கூடாது. கூட்டிப் பாருங்க, 19ம் 19ம் 25ம், 63. ஆஸ்பத்திரி, ஸ்கூல் மாதிரி பத்துப் பேரு வந்து போற எடம்னா உயரம் 15, மிதி 30, கூட்டுனா 60. வீட்டவிட ஊருக்குப் போடுத படி ஏன் தணிவா இருக்கணும்? வீட்டுல ஏறவன் யாருன்னு தெரியும். ஊர்ப்படியில எந்த ஆச்சி எப்போ வந்து ஏறுவான்னு தெரியாது. ஆக நாட்டுலயே மெள்ள நடக்கவங்க காலுக்குத்தான் அளவு எடுத்திருக்கான், அது எனக்குப் பிடிச்சிருக்கு.

முட்டி வலி. படி ஏறுததவிட எறங்கும்போதுதான் உயிர் போவுது. எல்லாரும் எறக்கம் சுலபம்னுல்லா சொல்லுதாங்க? (கல்லிடைக்குறிச்சி, ரிட்டயர்டு டீச்சர்)

சொல்லுதவங்களுக்கு முட்டி நல்லாருக்கு டீச்சர். எறங்கும்போது ஒடம்பு பூராவும் கீழ விழப் பாக்கும், தொடைத் தசை அதப் பிரேக் போட்டுப் பிடிச்சு நிறுத்தணும், அப்ப முட்டிச் சிப்பி மேல விழுத அழுத்தம் நம்ம எடையப் போல மூணு மடங்குக்கு மேல. பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக் குடுத்தத ஒங்களுக்குச் சொல்லுதேன்: ஏறும்போது நல்ல கால முன்ன வைங்க, எறங்கும்போது வலிக்க கால முன்ன வைங்க. கைப்பிடி இருந்தா வெக்கப்படாமப் பிடிங்க. டாக்டரப் பாருங்க.

அண்ணாச்சி, குறுக்குத்துறைப் படியில ஒக்காந்து நாங்க நாலு பேரு ஒரு நாள் பூரா சண்ட போட்டோம். எத்தனாவது படியில படித்துறை முடிஞ்சு ஆறு ஆரம்பிக்கு? (டவுண், கல்லூரி மாணவர்)

தம்பி, நல்ல கேள்வி, நாலு பேரும் பாஸாவீங்களான்னு தெரியல, ஆனா கேள்வி நல்ல கேள்வி.

இத 2300 வருசத்துக்கு முன்னயே கிரீஸ்ல யூபுலைடிஸ்னு ஒருத்தரு வேற மாதிரி கேட்டாரு. நம்ம ஊருக்கு நெல்வேலின்னு பேரு, அதனால நெல்ல வச்சே சொல்லுதேன். களத்துல ஒரு நெல் அம்பாரம் இருக்கு. ஒரு நெல்ல எடுத்தா அம்பாரம் அம்பாரம்தான. இன்னொண்ண எடுத்தாலும் அப்படித்தான். எடுத்துக்கிட்டே போனா கடைசில ஒரே ஒரு நெல்லு கெடக்கும், அத அம்பாரம்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க. அப்ப எந்த நெல்ல எடுக்கும்போது அம்பாரம் இல்லாமப் போச்சு? இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கிட்ட பதில் கெடையாது. யூபுலைடிஸ் வரப்பு தகராறு சர்வே பண்ணிருந்தா இந்தக் கேள்வியக் கேட்டிருக்கவே மாட்டாரு, நாங்க கல்ல நட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்போம்.

ஆனா ஆத்துல கல்லு நட முடியாதே. நான் ஒரு தொறையில சித்திரையில எண்ணுனேன், வெளிய தெரிஞ்சது 14 படி. ஐப்பசி கடைசில அதே தொறையில போயி எண்ணுனா 5. மத்த 9 படி எங்க போச்சு? அங்கனயேதான் இருக்கு, ஆனா ஆறு எடுத்துக்கிட்டு. நம்ம ஊர்க்காரன் காலையில பேப்பரப் பிரிச்சதும் தலைப்புச் செய்தியப் பாக்கானோ இல்லியோ, பாபநாசம் டேம் எத்தன அடின்னு பாப்பான். பாபநாசம் நெறஞ்சா 143, மணிமுத்தாறு நெறஞ்சா 118, இது ரெண்டும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நம்பர்தான் ஒங்க கேள்விக்கு அன்னன்னைக்கு உள்ள பதில்.

அங்கன குளிச்சிட்டு இருந்த ஒரு பெரியவர்ட்ட ஒங்க கேள்வியவே கேட்டேன். அவரு தலையத் துவட்டிக்கிட்டே, ‘முட்டிக்கு மேல வந்தாத்தான் வே ஆறு, அதுவர சும்மா ஈரம்’னாரு. பக்கத்துல துணி தொவைச்ச அம்மா, ‘சோப்பு நுரையக் கொண்டுட்டுப் போற எடம் ஆறு, நுரை நிக்க எடம் படி’ன்னா. ரெண்டு பேர் சொன்னதும் சரியான பதிலாத்தான் எனக்குப் பட்டுது, ஏன்னா அவங்கவங்க வேலைக்கு எது தேவையோ அங்கன கோடு போட்டுக்கிட்டாங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க தம்பி. தண்ணிக்குள்ள இருக்க மொத படி கண்ணுக்குத் தெளிவாத் தெரியும். ரெண்டாவது தெரியும், ஆனா பொய் சொல்லும், தண்ணி வெளிச்சத்த ஒடிக்கதுனால ஒரு அடி ஆழம் முக்கா அடியாத் தெரியும், காலு நெனச்ச எடத்துல படி இருக்காது, வெத்துத் தண்ணியில தொங்கி ஒரு நொடி வயித்தக் கலக்கும், அப்பொறம் கல்லு வந்து பாதத்துல முட்டும். மூணாவது படி கண்ணுக்கே தெரியாது, பெருவெரலால தடவித் தடவி விளிம்பக் கண்டுபிடிக்கணும், பாசி வழவழன்னு இருக்கும், குதிங்கால ஊணுனா போச்சு, விரல மடக்கிப் பிடிச்சுத்தான் நிக்கணும். கெண்டக்குஞ்சு வந்து கணுக்கால்ல கொத்தும். நீங்க நாலு பேரும் சண்ட போட்டது உக்காந்துக்கிட்டுல்லா? எறங்கி நின்னு போடுங்க ஒருதரம்.

எங்க அத்தை வாசல் நடையில உக்காந்தா ஏசுதா. கோயில்ல மட்டும் எல்லாரும் படியில உக்காந்துட்டுத்தான் வரணும்ங்கா. ஒரு படிக்கு ஒரு நியாயமா? (தென்காசி, புதுசாக் கல்யாணமான வாசகி)

அத்தைகிட்ட வாதத்துல ஜெயிச்சு என்ன செய்யப் போற தாயி. வீட்டு நடைங்கது உள்ளயும் கெடையாது வெளியவும் கெடையாது, நரசிம்மர் இரணியன முடிச்சதே அந்த எடத்துல வச்சுத்தான், அதனால பயம் ஒரு பக்கம். நெசத்துல வழியில உக்காந்தா அடுத்தவன் எப்படி உள்ள வருவான்? அத்தை அத சாஸ்திரமாச் சொல்லுதா, அவ்வளவுதான். கோயில் படி அகலம், உக்காந்தாலும் ஆளு போவலாம்.

படிக்கு ஒரே ஒரு ஆளு ஆசப்பட்டிருக்காரு, குலசேகராழ்வாரு. ராசாவா இருந்தவரு, பெருமாள் வாசல்ல எல்லாரும் மிதிச்சுட்டுப் போற படியாக் கெடந்தாப் போதும்னு கேட்டாரு. பெருமாள் கோயில்ல கருவறை முன்னால இருக்க படிய இன்னைக்கும் குலசேகரன் படின்னுதான் சொல்லுவாங்க. அவரு கடைசிக் காலத்துல வந்து இருந்தது அம்பாசமுத்திரம் பக்கத்துல மன்னார்கோயில்லன்னு ஐதீகம், தனிச் சன்னதியே உண்டு, தென்காசியில இருந்து பஸ்ஸுல போயிட்டு வந்துரலாம். அத்தையவும் கூட்டிட்டுப் போ.

ரோம்ல ஸ்பானியப் படிக்கட்டுன்னு ஒண்ணு, 1725ல கட்டி முடிச்சது, உலகத்துல உள்ளவன் எல்லாம் போயி உக்காந்து போட்டோ எடுப்பான். 2019ல இருந்து அதுல உக்காரக்கூடாதுன்னு சட்டம், உக்காந்தா 250 யூரோ, அசுத்தம் பண்ணுனா 400 வரைக்கும் அபராதம். பழைய கல்லு, காப்பாத்தணும்ங்காங்க, அதுவும் நியாயந்தான். ஆனா உக்காராத படிக்கட்டுன்னா அது என்ன, கோலம் மாதிரி பாத்துட்டே நிக்கணுமா? நல்லவேளை ஒங்க அத்தை ரோம்ல கவுன்சிலரா இல்ல.

நான் எட்டாம் வகுப்பு. படின்னா எத்தன அர்த்தம் மாமா? (சேரன்மகாதேவி)

ஏ மக்கா, எண்ணிக்கோ. ஏறுத படி. பாடம் படி. அரிசி அளக்கப் படி. ஒரு நகல் எடுத்தா அது ஒரு படி. ஒங்க அப்பா சம்பளத்துல பஞ்சப்படி, பயணப்படி. ஜன்னல்ல தூசி படியும், எண்ணெய் வச்சாத்தான் தலைமுடி படியும், கத்தரிக்கா வெல படியலன்னா ஒங்கம்மா அடுத்த கடைக்குப் போவா. சொன்னபடி செய்யணும், சட்டப்படி நடக்கணும், நல்லபடியா இருக்கணும். பரீட்சையில இதெல்லாம் எழுதுனா மார்க் உண்டான்னு வாத்தியார்ட்ட கேட்டுக்கோ.

அளவுப் படின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி. எங்க ஆச்சி நாழியத்தான் படிம்பா. திருச்செந்தூர்ல நாழிக்கிணறு இருக்குல்லா, கடலுக்குப் பக்கத்துலயே நல்ல தண்ணி, படி எறங்கிக் கீழ போனா ஒரு பெரிய கெணறு, அதுக்குள்ள ஒரு அடிச் சதுரத்துல ஒரு குட்டிக் கெணறு. படி எறங்கிப் போயி ஒரு படியப் பாத்துட்டு வாற ஒரே எடம் அதுதான். லீவுல போனா எத்தனை படின்னு எண்ணி எனக்கு எழுது.

படித்துறை படித்துறைன்னு உருகுதீங்க. அந்தக் காலத்துல எல்லாரும் எல்லாத் தொறையிலயும் எறங்க முடிஞ்சுதா? (மேலப்பாளையம் வாசகர்)

முடியல. நீங்க கேக்கது எனக்கு வேணும்.

தண்ணிக்குச் சாதி தெரியாதுன்னு ஒரு வரி எழுதிட்டுத் தப்பிச்சுக்கலாம். தண்ணிக்குத் தெரியாது, தொறைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தெருவுக்கு ஒரு தொறை, யாரு மேல குளிக்கணும் யாரு கீழ குளிக்கணும்னு ஒரு கணக்கு, ஆறு ஓடுத தெசையப் பாத்து வச்ச கணக்கு. எங்க ஆச்சி அத ஒரு குத்தமாவே சொல்ல மாட்டா, ‘அது அவுக தொற, இது நம்ம தொற’ன்னு ஏதோ ரேசன் கடை மாதிரி சொல்லுவா. சின்னப் பிள்ளையில நானும் அப்படியே நம்பிட்டுத்தான் நடந்தேன், யாரு எந்தப் படியில நின்னாங்கன்னு அன்னைக்கு எண்ணிப் பாக்கத் தோணல. இன்னைக்கு டேப்போட அலையுதவன் அப்ப ஒருதரமாவது எண்ணியிருக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். கொக்கிரகுளம் கரையில நான் உக்காரது இல்ல. 1999 ஜூலை 23, மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமா வந்தவங்கள போலீஸ் அடிச்சு வெரட்டுனதுல ஆத்துக்குள்ள எறங்கி 17 பேரு செத்தாங்க, அதுல கைக்கொழந்தையும் ஒண்ணு. ஒவ்வொரு வருசமும் அந்தத் தேதியில ஆத்துல பூவப் போட்டுட்டுப் போறாங்க. 1843ல கட்டுன சுலோசன முதலியார் பாலத்து மேல இருந்து பாத்தா அந்த எடம் அமைதியா, அழகாத்தான் இருக்கும். போன மாசம் போனேன், நின்னேன், எண்ணல, டேப்ப வெளிய எடுக்கல.

நான் சக்கர நாற்காலியில இருக்கேன். நீங்க ரசிச்சு எழுதுத ஒவ்வொரு படியும் எனக்குச் சுவரு. இதுல என்ன தத்துவம் இருக்குன்னு சொல்லுங்க. (பாளையங்கோட்டை வாசகர்)

ஒரு தத்துவமும் இல்ல தம்பி. தணிவாப் படி போட்டா எல்லாக் காலுக்கும் ஆச்சுன்னு மேல வள்ளியூர் தாயிக்குப் பெருமையா எழுதிட்டு, அடுத்து ஒங்க கடிதத்தப் பிரிச்சேன். அழிக்கல, அப்படியே விட்டுருக்கேன், ஆனா காலுன்னு மட்டும் நெனச்சு எழுதிருக்கேன்லா, அது ஒத்தைக்கண்ணு பார்வைதான்.

எனக்குத் தெரிஞ்ச கணக்கச் சொல்லுதேன், யாராவது கமிட்டில இருக்கவங்க படிச்சா உபயோகப்படும். 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துட்டு, பொதுக் கட்டடம்னா சாய்தளம் வைக்கணும். சரிவு ஒண்ணுக்குப் பன்னெண்டு. அதாவது 15 சென்டிமீட்டர்ல ஒரே ஒரு படி இருந்தாக்கூட 180 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் வேணும். நாலு படின்னா 60 சென்டிமீட்டர் உயரம், 7 மீட்டருக்கு மேல நீளம் போவும். நம்ம ஊர்ல என்ன செய்யுதான்? நாலு படிக்கு ஓரத்துல ரெண்டு மீட்டர்ல ஒரு சிமெண்ட சாச்சுப் பூசிட்டு, பக்கத்துல நீல போர்ட மாட்டி போட்டோ எடுத்துட்டுப் போயிருதான். அதுல சக்கர நாற்காலி ஏறாது, ஏத்துனா பின்னால கவுரும், ஆனா பைக் நல்லா ஏறும். நானே மூணு எடத்துல அளந்தேன், மூணுலயும் பைக்தான் நின்னுச்சு.

படித்துறையில என்ன செய்யலாம்னு எனக்கு வழி தெரியல, வெள்ளத்துல அடிச்சுட்டுப் போவாத சாய்தளம் போட முடியும்னு எஞ்சினியர் யாராச்சும் நெனச்சா எழுதுங்க, அடுத்த இதழ்ல போடுதேன். நீங்களும் எழுதுங்க தம்பி, எந்த எடத்துல ஒரு படியால திரும்பி வந்தீங்கன்னு. அந்தப் பட்டியலோட டேப்ப எடுத்துட்டு நான் போறேன்.

யோசனை வரது படி ஏறும்போதா, எறங்கும்போதா? (தூத்துக்குடி வாசகர்)

எனக்கு எறங்கும்போதுதான், அதுவும் லேட்டா. பிரான்சுல திதரோன்னு ஒரு சிந்தனையாளரு, 18ஆம் நூற்றாண்டு. ஒரு விருந்துல ஒருத்தன் சொன்னதுக்குச் சட்டுனு பதில் சொல்ல வராம வாயடைச்சுப் போயிட்டாரு, மாடிப்படி எறங்கிக் கீழ வந்த பொறவுதான் பதில் தோணிருக்கு. அதுக்குப் பிரெஞ்சுல பேரே மாடிப்படி புத்தின்னுதான். நம்மூர்ல பேரு வைக்கல, ஆனா வியாதி உண்டு. ஒரு பேங்குல முக்கா மணி நேரம் நிக்க வச்சு ‘நாளைக்கு வாங்க’ன்னான், நானும் ‘சரி சார்’னுட்டு எறங்குனேன். கடைசிப் படிக்கு வரும்போது அருமையா ஒரு பதில் வந்துச்சு. திரும்ப ஏறலாமான்னு பாத்தேன், 22 படி. அந்தப் பதில நான் இன்னும் வச்சிருக்கேன்.

எங்க மாமனாருக்கு 78 வயசு. அம்பது வருசமா காலையில அஞ்சு மணிக்கு ஆத்துக்குப் போயிருவாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பொறவு போவ மாட்டேங்காங்க. காலுக்கு ஒண்ணுமில்ல. பாத்ரூம்ல ஒரு வாளித் தண்ணி ஊத்திட்டு வந்து சும்மா உக்காந்துக்கிடுதாங்க. என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போக? (குறுக்குத்துறைப் பக்கத்து வாசகி)

அந்த ரெண்டு நாள நெனச்சா எனக்கும் கை நடுங்குது தாயி. டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயிலு ஆத்துக்குள்ளயே இருக்க கோயிலு, வெள்ளத்தக் கிழிச்சு விடுததுக்குன்னே மேக்கால படகு முனை மாதிரி கட்டுனது, தண்ணி வருதுன்னா உற்சவரக் கரையில மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க, மூலவரு பாறையிலயே செதுக்குனது, அவரு தண்ணிக்குள்ளயே இருப்பாரு. நாம எத்தனையோ வெள்ளம் பாத்தவங்கதான். ஆனா அந்தத் தடவ வந்த தண்ணி தெருவுக்குள்ள வந்து வீட்டு நடைய ஏறுச்சு. அம்பது வருசமா இவுக ஆத்துக்கு எறங்கிப் போனாங்க, அன்னைக்கு ஆறு இவுக வீட்டுப் படி ஏறி வந்துட்டு. அதுக்கப்புறம் எந்தப் படி யாரோடதுங்குத கணக்கே மாறிப்போச்சு. மாமா பயந்துட்டாங்கன்னு நீங்க நெனைக்காதீங்க, எனக்கு அது பயமாத் தெரியல, கோவம் மாதிரிதான் தெரியுது. பழகுன ஆளு மேல வருத கோவம்.

‘வாங்க மாமா, மனசுக்கு நல்லாருக்கும்’னு கூப்புடாதீங்க, வர மாட்டாங்க. நீங்க ஒருநாள் தனியாப் போயிட்டு வந்து, ‘மாமா, அங்கன எந்தப் படி வழுக்கும், பிள்ளையளக் கூட்டிட்டுப் போவணும்’னு கேளுங்க. அம்பது வருசம் எறங்குன காலு, எத்தனாவது படி மூலை ஒடைஞ்சது, எங்கன பாசி, எங்கன பள்ளம்னு அதுக்குத் தெரியும். ஆனா வெள்ளத்துக்குப் பொறவு அந்தக் கணக்கு சரியா இருக்கான்னு அவுகளுக்கே தெரியாது, அதப் பாத்து வைக்கணும்னு ஒரு அரிப்பு உள்ள இருக்கும். அன்னைக்கே கெளம்புவாங்கன்னு சொல்லல. கெளம்பலன்னா விட்டுருங்க, தையில தண்ணி வத்துனதும் இன்னொருதரம் கேளுங்க.

போனாங்கன்னா மொத நாளு மேல் படியிலயே உக்காந்துட்டு வரட்டும், எறங்கச் சொல்லாதீங்க. டார்ச் லைட் ஒண்ணு கையில குடுங்க, அஞ்சு மணிக்கு அங்கன வெளிச்சம் பத்தாது. செருப்ப மேலயே விட்டுறச் சொல்லுங்க, நாயி தூக்கிட்டுப் போவும், பழச மாட்டிட்டுப் போவச் சொல்லுங்க.